ஒழுகட்டும் என்று விட்ட துளை

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்லும் சாலை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளமுடையது. சித்திரை மாத நண்பகலில் அவ்வழியே பஸ்ஸில் போனவர்கள் இந்தக் காட்சியை ஒரு முறையாவது கண்டிருப்பார்கள். புளியமர நிழலில் ஒரு கார் ஒதுங்கி நிற்கிறது. பானெட் திறந்திருக்கிறது. உள்ளிருந்து ஆவி சீறுகிறது. ஓட்டுநர் கையில் ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியை நோக்கிக் குனிகிறார். பக்கத்தில் ஒருவர் தண்ணீர்ப் பாட்டிலுடன் காத்து நிற்கிறார்.

அந்தக் கை மூடியைத் திருகுவதற்குள் நாம் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

ரேடியேட்டரின் மூடி வெறும் மூடியன்று. பிரஷர் குக்கரில் எடை செய்யும் வேலையை இங்கே ஒரு சுருள்வில் செய்கிறது. வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் இன்னும் சுமார் 0.9 மடங்கு அழுத்தம் உள்ளே சேரும் வரை அது திறப்பதில்லை. அந்த அழுத்தத்தில் நீர் 100 டிகிரியில் கொதிக்காது. ஏறத்தாழ 118 டிகிரி சென்டிகிரேடு வரை திரவமாகவே இருக்கும். உள்ளே 5 லிட்டர் நீர் 115 டிகிரியில் இருப்பதாகக் கொள்வோம். மூடி திறந்தவுடன் அழுத்தம் வளிமண்டல அளவுக்கு இறங்குகிறது. இப்போது நீர் 100 டிகிரிக்கு மேல் நீராக இருக்க முடியாது. மிகையாக உள்ள 15 டிகிரிக்குரிய வெப்பம் 5 × 15 × 4.2, அதாவது 315 கிலோஜூல். ஒரு கிலோகிராம் நீரை ஆவியாக்க 2,257 கிலோஜூல் வேண்டும். எனவே 140 கிராம் நீர் நொடிப்பொழுதில் ஆவியாகிவிடும். 140 கிராம் என்றால் ஒரு டம்ளர் நீர்கூட இல்லையே என்று எண்ணாதீர்கள். ஆவியாக அதன் பருமன் சுமார் 230 லிட்டர். ஒரு தார் டிரம்மை நிரப்பி மீறும் ஆவி, ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய வாயின் வழியாக, எஞ்சிய கொதிநீரையும் தள்ளிக்கொண்டு வெளியேறுகிறது. குனிந்திருப்பவரின் முகம் அதன் நேர் மேலே இருக்கிறது!

ஆகையால் எஞ்சினை நிறுத்தி, அரைமணி நேரமாவது ஆறவிட்டு, மேல் ரப்பர்க் குழாயைக் கையால் அழுத்தினால் தொய்வாக இருப்பதைப் பார்த்த பிறகே மூடியைத் தொட வேண்டும். கொதிக்கும் எஞ்சின் மீது குளிர்ந்த நீரைக் கொட்டுவதும் கூடாது. ஒரு பக்கம் சுருங்கி மறுபக்கம் சுருங்காத வார்ப்பிரும்பு விரிசல் விட்டுவிடும்.

சரி, அந்த வண்டிக்கு ஏன் இந்த நிலை வந்தது? காரணங்கள் பல. அவற்றுள் வாட்டர் பம்பு பழுதானதை எப்படிப் பிரித்தறிவது என்பதே நமது இன்றைய கேள்வி. பம்பை முதலில் குறை கூறிவிட்டு, புதியதை மாட்டிய பின்பும் வண்டி கொதிப்பதைப் பார்த்துத் திகைப்பவர்கள் அதிகம்.

பெட்ரோல் எரிந்து தரும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானதே சக்கரத்தைச் சுழற்றும் வேலையாக மாறுகிறது. ஒரு பங்கு புகைக்குழாய் வழியே போகிறது. ஏறத்தாழ அதே அளவு வெப்பம் சிலிண்டர் சுவர்களில் ஏறுகிறது. சாதாரண வேகத்தில் ஓடும் ஒரு சிறு காரில் இது 15 கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் வெந்நீர் போடும் 1 கிலோவாட் மின்சுருளை அறிவீர்கள் அல்லவா? அப்படிப் பதினைந்து சுருள்கள் எஞ்சினைச் சுற்றியுள்ள நீரில் இடைவிடாமல் எரிகின்றன என்று பொருள்.

பம்பு நொடிக்கு அரை லிட்டர் நீரைத் தள்ளினால், எஞ்சினைக் கடந்து வரும் நீரின் வெப்பநிலை எவ்வளவு உயரும்? 15ஐ 0.5 × 4.2ஆல் வகுத்துப் பாருங்கள்; சுமார் 7 டிகிரிதான். அந்த 7 டிகிரியை ரேடியேட்டரில் காற்றிடம் கொடுத்துவிட்டு நீர் மீண்டும் வருகிறது. பம்பு நின்றுவிட்டால்? எஞ்சினுக்குள் தேங்கிய 3 லிட்டர் நீரும், சுற்றியுள்ள 60 கிலோகிராம் இரும்பும் மட்டுமே அந்த வெப்பத்தை வாங்க வேண்டும். இரும்பின் தன்வெப்பம் 0.46. இரண்டையும் சேர்த்தால் ஒரு டிகிரி உயர 40 கிலோஜூல் போதும். 15 கிலோவாட்டுக்கு அது மூன்று நொடி வேலைகூட இல்லை. 90 டிகிரியிலிருந்து 120 டிகிரியை எட்ட ஒன்றரை நிமிடம்கூடத் தேவையில்லை. வண்டி ஓட்டுபவர் ஒரு பாட்டுக் கேட்டு முடிப்பதற்குள் சிலிண்டர் தலை வளைந்துவிடலாம்.

பம்பே இல்லாத கார்களும் இருந்தன என்பது உங்களுக்கு வியப்பாக இருக்கும். 1908இல் வந்த ஃபோர்டு டி மாடலில் முதல் 2,500 வண்டிகள் போக மற்றவற்றில் பம்பு கிடையாது. சூடான நீர் அடர்த்தி குறைந்து மேலே எழும், குளிர்ந்த நீர் கீழே இறங்கும் என்ற வெப்பச் சலனத்தை மட்டும் நம்பி அவை ஓடின. இருபது குதிரைத் திறனுக்கு அது போதுமானதாக இருந்தது. எஞ்சினின் திறன் பெருகியபோது சலனத்தின் மெதுநடை போதவில்லை.

இயற்பியலில் இந்த நிலைமையின் மிகப் பெரிய உருவத்தைக் காண நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நாம் புறப்பட்ட சாலை மாமல்லபுரத்தில் கடலைத் தொடுகிறது. அங்கிருந்து தெற்கே சுமார் 15 கிலோமீட்டரில் கல்பாக்கம் அணுமின் நிலையம். அங்குள்ள இரண்டு உலைகளும் முறையே 1984, 1986ஆம் ஆண்டுகளில் வணிக உற்பத்தியைத் தொடங்கின. ஒவ்வொன்றும் 220 மெகாவாட். அங்கும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானதே மின்சாரமாகிறது. எஞ்சியதை வாங்கிக்கொள்ளும் ரேடியேட்டர், வங்கக் கடல்! கடலடியில் ஏறத்தாழ அரை கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கக் குழாய் வழியாக வரும் நீரைப் பெரும் பம்புகள் நிலையத்துக்குள் தள்ளுகின்றன.

2004 டிசம்பர் 26 காலை ஆழிப்பேரலை வந்தபோது, ஓர் உலை பழுதுபார்ப்புக்காக ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருந்தது, மற்றொன்று ஓடிக்கொண்டிருந்தது. பம்பு நிலையத்துக்குள் கடல்நீர் மட்டம் உயர்ந்தது. ஆவியைக் குளிர்விக்கும் பம்புகள் நின்றன. பணியில் இருந்தவர்கள் உலையைப் பத்திரமாக நிறுத்தினார்கள். 2005 ஜனவரித் தொடக்கத்தில் அது மீண்டும் இயங்கியது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உலையை நிறுத்தினாலும் வெப்பம் நின்றுவிடுவதில்லை. பிளவுண்ட அணுக்களின் எச்சங்கள் சிதைந்துகொண்டே இருப்பதால், நிறுத்திய ஒரு மணி நேரம் கழித்தும் முழு வெப்பத்தில் ஒன்றரை சதவீதம் அளவுக்கு வந்துகொண்டிருக்கும். அதைக் கடத்த ஏதேனும் ஒரு பம்பு ஓடியே ஆக வேண்டும். கல்பாக்கத்தில் அதற்கு ஏற்பாடு இருந்தது. 2011 மார்ச்சில் ஜப்பானின் புகுஷிமாவில் பேரலையால் பம்புகளுக்கு மின்சாரம் அற்றுப்போனது; மூன்று உலைகளின் உள்ளகங்கள் உருகின.

காரில் அணுச் சிதைவு கிடையாது. ஆயினும் ஓர் ஒற்றுமை உண்டு. வேகமாக ஓடிய எஞ்சினைத் திடீரென்று நிறுத்தினால், பம்பும் நின்றுவிடுகிறது. சிலிண்டர் சுவரில் தேங்கிய வெப்பமோ நீருக்குள் இறங்கிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் நிறுத்திய பிறகும் சில நிமிடங்களுக்கு வெப்பநிலை ஏறுகிறது. பல கார்களில் சாவியை எடுத்த பின்பும் முன்னால் மின்விசிறி ஓடுவதைக் கேட்டிருப்பீர்களே, காரணம் இதுவே.

இனி பம்பைத் திறந்து பார்ப்போம். வயற்காட்டுக் கிணற்று மோட்டார் பம்புக்கும் இதற்கும் தத்துவம் ஒன்றுதான். ஓர் உறைக்குள் வளைந்த தகடுகள் கொண்ட சக்கரம். மெக்கானிக்குகள் இதை இம்பெல்லர் என்பார்கள். அது சுழலும்போது நடுவில் நுழையும் நீர் ஓரத்துக்கு வீசப்படுகிறது. இதற்கு மைய விலக்குப் பம்பு என்று பெயர். (பெயரைக் கண்டு தேர்வுத்தாளில் நீரின் மீது மைய விலக்கு விசை செயல்படுகிறது என்று எழுதிவிடாதீர்கள். தகடு நீரைத் தள்ளுகிறது, நீர் நேர்க்கோட்டில் போக முயல்கிறது, அவ்வளவே.) இம்பெல்லரின் தண்டு பேரிங்குகளில் சுழல்கிறது. தண்டின் மறுமுனையில் கப்பி. அதை எஞ்சினிலிருந்து வரும் பெல்ட் சுழற்றுகிறது.

ஒரு பக்கம் கொதிநீர், மறுபக்கம் கிரீஸ் நிரம்பிய பேரிங். இரண்டுக்கும் நடுவே ஒரு சீல். வழவழப்பான இரண்டு வளையங்கள் ஒன்றின் மேல் ஒன்று அழுந்திச் சுழல்கின்றன. அவற்றுக்கிடையே உள்ள மெல்லிய நீர்ப்படலமே அவற்றுக்கு மசகு. இந்த சீல் என்றேனும் ஒருநாள் தேயத்தான் போகிறது. பம்பை வடிவமைத்தவர்களுக்கு இது தெரியும். தேய்ந்த சீல் வழியே கசியும் நீர் பேரிங்கினுள் புகுந்தால் கிரீஸைக் கழுவிவிடும். பேரிங் அரைபட்டுத் தண்டு இறுகிவிடும். அதற்காகவே சீலுக்கும் பேரிங்குக்கும் நடுவில், உறையின் அடிப்பக்கத்தில், ஒரு சிறு துளை விட்டிருக்கிறார்கள். கசியும் நீர் பேரிங்கைத் தொடாமல் அத்துளை வழியே சொட்டிவிடும். பம்பின் உறுப்புகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இந்த ஒழுகுதுளைதான். எதுவும் இல்லாத ஓர் இடம் இத்தனை வேலை செய்வதை எந்திரங்களில் அரிதாகவே காண முடியும்.

துளையைச் சுற்றி லேசான கறை இருந்தால் அஞ்ச வேண்டாம். புதிய சீல் பதியும்போது சில துளிகள் வருவதுண்டு. ஆனால் தொடர்ந்து சொட்டுவதும், வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருப்பதும் பம்பு விடும் முன்னறிவிப்பு. இரவில் காரின் அடியில் ஓர் அட்டையை விரித்து வைத்தால் காலையில் சொட்டின் இடம் தெரிந்துவிடும். சிலர் அந்தத் துளையைப் பசையிட்டு அடைத்துவிட்டு, ஒழுக்கு நின்றது என்று மகிழ்கிறார்கள். நீர் நின்றுவிடவில்லை, பேரிங்குக்குத் திரும்பிவிட்டது.

பேரிங்கின் நிலையை அறியக் கையும் காதும் போதும். எஞ்சினை நிறுத்தி, அது ஆறியபின் கப்பியை இரு பக்கமும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தால் ஆட்டமே இருக்கக்கூடாது. பெல்ட்டைத் தளர்த்திக் கையால் சுழற்றினால் கரகரப்பின்றி ஓட வேண்டும். அனுபவமுள்ள மெக்கானிக், எஞ்சின் ஓடும்போது நீண்ட ஸ்குரூ டிரைவரின் முனையைப் பம்பின் உறையில் வைத்து, பிடியைக் காதோரம் வைத்துக் கேட்பார். எஃகில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 5,000 மீட்டர் வேகத்தில், அதிகம் சிதறாமல் வருவதால் அந்த ஒரு பேரிங்கின் ஓசை மட்டும் தனியே கேட்கும். சுழலும் விசிறிக்கு அருகே செய்ய வேண்டிய வேலையாதலால் இதை அவரிடமே விட்டுவிடுங்கள்.

ஒழுக்கும் இல்லை, ஓசையும் இல்லை, ஆனால் வண்டி கொதிக்கிறது என்றால்தான் மூளைக்கு வேலை. வண்டி எப்போது கொதிக்கிறது என்று முதலில் கேளுங்கள். செங்கல்பட்டுப் பேருந்து நிலையத்தருகே நெரிசலில் நிற்கும்போது முள் ஏறி, நெடுஞ்சாலையில் ஓடத் தொடங்கியதும் இறங்கினால், குறை காற்றோட்டத்தில், விசிறியைப் பாருங்கள். மாறாக, நிற்கும்போது ஒழுங்காக இருந்து, வேகமெடுத்தால் கொதித்தால், நீரோட்டம் போதவில்லை என்று பொருள். ரேடியேட்டர் அடைத்திருக்கலாம், பெல்ட் நழுவலாம், அல்லது இம்பெல்லரின் தகடுகள் அரித்துப்போயிருக்கலாம்.

அடுத்தது குழாய்ச் சோதனை. பழைய வண்டிகள் பலவற்றில் எஞ்சினிலிருந்து மேல் குழாய்க்கு நீர் போகும் வாயிலில் தெர்மோஸ்டாட் இருக்கும். மெழுகு உருகி விரிவதால் சுமார் 82 டிகிரியில் திறக்கும் கதவு அது. எஞ்சின் கொதித்தும் மேல் குழாய் சூடேறாமல் இருந்தால் அக்கதவு திறக்கவில்லை. மேல் குழாய் தொட முடியாத சூடு, கீழ்க் குழாயோ குளிர்ச்சி என்றால், கதவு திறந்தும் நீர் சுற்றவில்லை. பம்பையோ அடைத்த ரேடியேட்டரையோ சந்தேகிக்கலாம். மூடி நேரே ரேடியேட்டரில் உள்ள வண்டியானால், குளிர்ந்த எஞ்சினில் மூடியைத் திறந்து வைத்து, பெரியவர் ஒருவரைக் கொண்டு எஞ்சினை ஓட்டச் செய்து, சற்று விலகி நின்று பாருங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் நீர்ப்பரப்பு ஓடத் தொடங்க வேண்டும். ஓடாமல் அசைவற்று நின்றால் பம்பு தள்ளவில்லை. ஓடாமல் குமிழி மட்டும் இடைவிடாது வந்தால் சிலிண்டர் தலையின் கேஸ்கட் போய்விட்டது. அது வேறு செலவு.

முள்ளையும் முழுக்க நம்பிவிட வேண்டாம். நீர் மட்டம் மிகவும் இறங்கிவிட்டால் வெப்ப உணரி நீரை விட்டு வெறுமையில் நிற்கும். அப்போது முள் இறங்கிக் காட்டும், எஞ்சினோ எரிந்துகொண்டிருக்கும்.

நம் பகுதியில் ஒரு வழக்கம் உண்டு. வண்டி கொதிக்கிறதா, தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறி என்பார்கள். நம் ஊர் வெயிலுக்கு அது எதற்கு என்பது வாதம். இதை நான் ஏற்பதில்லை. தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் சூடேற வெகுநேரம் பிடிக்கிறது. அந்நேரம் முழுதும் தேய்மானமும் பெட்ரோல் செலவும் கூடுகின்றன. மேலும் பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே குறுக்குவழிக் குழாயை மூடுகிறது. அதை எடுத்துவிட்டால் நீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலேயே திரும்பிவிடும்.

கடற்கரைப் பக்கத்து வண்டிகளின் பம்பு சீக்கிரம் கெடுவதற்கு இன்னொரு காரணம் அவற்றில் ஊற்றும் தண்ணீர். கடலோர மணலடியில் நல்ல நீர், உப்புநீரின் மேல் மிதக்கிறது. அடர்த்தி வேறுபாடு மிகக் குறைவாதலால், கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நல்ல நீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நல்ல நீர் இருக்கும். மேலே 1 மீட்டர் இறைத்துவிட்டால் கீழே 40 மீட்டர் உப்பு ஏறும். இப்படி உப்பேறிய கிணற்று நீரை ரேடியேட்டரில் ஊற்றினால் குளோரைடு அலுமினியத்தை அரிக்கிறது. உள்நாட்டு ஆழ்குழாய்க் கிணற்றின் கடின நீரோ சுண்ணப் படிவை உண்டாக்குகிறது. ஒரு மில்லிமீட்டர் படிவு, வெப்பத்தைத் தடுப்பதில் சில சென்டிமீட்டர் இரும்புக்குச் சமம். உதிரும் படிவுத் துகள்கள் சீலின் வழவழப்பான முகத்தை உப்புத்தாள் போலத் தேய்க்கின்றன.

கூலண்ட் என்பது பனி பெய்யும் நாடுகளுக்குரியது என்று எண்ணுவோர் உண்டு. உறையாமல் காப்பது அதன் ஒரு வேலை மட்டுமே. துருவைத் தடுக்கும் பொருள்கள் அதில் கலந்துள்ளன. கொதிநிலையும் சில டிகிரி உயர்கிறது. அதைக் காய்ச்சி வடித்த நீரில் கலக்க வேண்டும். ஆனால் எத்திலீன் கிளைக்கால் கலந்த கூலண்ட் இனிப்பான நஞ்சு. வடித்ததைத் திறந்த பாத்திரத்தில் வைத்தால் நாயோ குழந்தையோ குடித்துவிடக்கூடும்.

பம்பை மாற்றும் முறையைப் பார்க்க, 2014இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடரின் பழைய 1489 கன சென்டிமீட்டர் எஞ்சின் நல்ல பாடம். பம்பு முன்னாலேயே இருக்கும்; விசிறியும் அதே தண்டின் மீதுதான். எஞ்சின் முற்றிலும் ஆறிய பின் பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி, கீழ்க் குழாய் வழியே நீரை வடிக்கிறார்கள். டைனமோவின் போல்ட்டைத் தளர்த்தினால் பெல்ட் வந்துவிடும். பிறகு விசிறி, கப்பி, குழாய்கள். இடம் போதாவிட்டால் ரேடியேட்டரும். பம்பின் போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளம் என்று எண்ணிவிடக் கூடாது. ஓர் அட்டையில் பம்பின் படத்தை வரைந்து, கழற்றிய போல்ட்டை அந்தந்த இடத்தில் குத்தி வைப்பார் நல்ல மெக்கானிக்.

பழைய கேஸ்கட் ஒட்டிக்கொண்டிருப்பதை முற்றிலும் சுரண்டி எடுப்பதில்தான் வேலையின் பெரும்பகுதி. அரை மில்லிமீட்டர் துணுக்கு எஞ்சினாலும் புதிய பம்பு அங்கே ஒழுகும். போல்ட்டுகளை வரிசையாக முறுக்காமல், எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். அப்போதுதான் அழுத்தம் எங்கும் சமமாகப் பரவும். பெல்ட்டின் நீண்ட பகுதியைக் கட்டை விரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் அளவு தாழ வேண்டும். அதைவிடத் தளர்ந்தால் நழுவும். விறைத்தால் புதிய பேரிங்கைத் தின்றுவிடும். இன்றைய கார்கள் பலவற்றில் பம்பைச் சுழற்றுவது டைமிங் பெல்ட். அங்கே பம்பு இறுகினால் பெல்ட் அறுந்து, சில எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அதனால் ஒன்றை மாற்றும்போதே மற்றதையும் மாற்றிவிடுவது வழக்கம்.

நீர் நிரப்பும்போது காற்று உள்ளே சிக்கிக்கொள்ளும். காற்றை மைய விலக்குப் பம்பால் தள்ள முடியாது. அதன் அடர்த்தி நீரின் ஆயிரத்தில் ஒரு பங்குதான். வண்டியின் முன்புறம் உயர்ந்திருக்குமாறு சரிவில் நிறுத்தி, மூடியைத் திறந்துவைத்துச் சிறிது நேரம் ஓட்டினால் குமிழிகள் மேலேறி வெளியேறும். மட்டம் இறங்க இறங்க நீரைச் சேர்ப்பார்கள். மறுநாள் குளிர்ந்த எஞ்சினில் மட்டத்தை மறுபடி பார்ப்பது அவசியம்.

கழற்றிய பம்பை மெக்கானிக் இரும்புக் கடைக்குப் போடுவதற்குமுன் கேட்டு வாங்கிப் பாருங்கள். தண்டைச் சுழற்றி பேரிங்கின் கரகரப்பைக் கேளுங்கள். இம்பெல்லரின் தகடுகளில் அம்மைத் தழும்பு போன்ற குழிகள் இருந்தால், அவை நீர்க்குமிழிகள் உடைந்து செய்தவை. தகட்டின் பின்புறத்தில் அழுத்தம் குறையும்போது நீர் அங்கேயே கொதித்துக் குமிழியாகிறது. அழுத்தம் மிகுந்த இடத்துக்கு வந்ததும் அது நசுங்கி, உலோகத்தைச் சம்மட்டிபோல் அடிக்கிறது. இப்படி நசுங்கும் குமிழி எவ்வளவு அழுத்தம் தரும் என்று 1917இல் ராலே பிரபு கணக்கிட்டுக் காட்டினார். குழிகள் நிறைய இருக்கின்றனவா? அப்படியானால் ரேடியேட்டர் மூடியின் சுருள்வில் தளர்ந்து, அழுத்தம் சேராமலே வண்டி ஓடியிருக்கக்கூடும். புதிய பம்போடு ஒரு புதிய மூடியும் வாங்கச் சொல்லுங்கள்.